காயாத கறுப்பு

மெடிக்கல் ஷாப் நோட்டில் தனகோட்டி பெயரில்
நாலாயிரத்து இருநூறு பாக்கி நிற்கிறது.
கிழிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை.

முப்பது வருஷம் துறைமுகத்தில்
கப்பல்களின் வயிற்றுக்குச் சிவப்பு அடித்தவர்.
தண்ணிக்குள்ளே போய்விடும் நிறம்,
மீன் மட்டும்தான் பார்க்கும் என்பார்.
கிட்னி ரெண்டும் கைவிரித்த பிறகு
மனிதர் பார்க்கும்படி ஒன்பது படம் வரைந்தார்,
எல்லாம் பழைய லாரித் தார்ப்பாயில்.
செவ்வாய், வெள்ளி ஸ்டான்லியில் டயாலிசிஸ்.
மிச்ச நாளில்
ஊசி ஏறி வீங்கிய கையைத் தலையணைமேல் கிடத்திவிட்டு
மற்ற கையால் எங்களை வரைந்தார்.

எங்களை என்றால்,
ஐஸ் உடைக்கிற செபஸ்தியம்மாளின் தோள்பட்டையை,
பாக்ஸிங்குக்குப் போய் மூக்கு வளைந்து வந்த யுவராஜை,
சீட்டுப் பணத்தோடு ஓடிப்போன பவுலினா
திரும்பி வந்த அன்று
யாரும் ஒரு வார்த்தை கேட்காமல் நகர்ந்து கொடுத்த பெஞ்சை.
"பவுலினா எங்கண்ணா?" என்றேன்.
"அதான் எடம் உட்டுருக்காங்களே, தெர்ல?"

எண்ணெய் கரை ஒதுங்கிய தை மாதம்
எர்ணாவூரில் ஆளுக்கொரு பக்கெட்டோடு நின்றோம்.
மொண்டோம், ஊற்றினோம், மறுபடி மொண்டோம்,
நண்டு எது கல் எது தெரியாமல்.
அன்றைக்கு அவர் மட்டும்
ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய வீட்டுக்கு எடுத்து வந்தார்.
"இன்னாத்துக்குண்ணா இது?"
"கடைல இந்த மாதிரி கறுப்பு கெடைக்காதும்மா."
வருஷக்கணக்கில் அது மின்சார மீட்டருக்கு மேலேயே இருந்தது.

கடைசிப் படத்துக்குத்தான் திறந்தார்.
தண்ணி லாரி வரிசை. இருபத்தி மூன்று பேர்,
எல்லோருக்கும் முதுகு, எல்லோரையும் தெரியும்.
குடங்களுக்கு ஊரில் உள்ள நிறமெல்லாம் கொடுத்தார்.
முடிக்கும் நிழலுக்கும் மட்டும் அந்த பாட்டில்.
பின்னாலிருந்து மூன்றாவது நான்.
ஜாக்கெட் முதுகில் ஊக்கு குத்தியிருப்பதைக்கூட விடவில்லை,
சண்டை போட்டேன். சிரித்தார், இருமினார்.
அடுத்த வெள்ளிக்கு ஆட்டோ வந்து நின்றது,
அவர் எழுந்திருக்கவில்லை.

நீலாங்கரையிலிருந்து கேலரிக்காரர் வந்தார்.
எட்டுப் படத்தைச் சுருட்டி
அவருடைய தங்கச்சி கையில் ரூபாய் கொடுத்தார், நியாயமான ரூபாய்தான்.
ஒன்பதாவதன் எதிரில் ரொம்ப நேரம் நின்றார்.
தொட்டார். விரல் கறுத்தது.
"காயட்டும். காய்ந்ததும் போன் பண்ணுங்க" என்று
என் கடையில் சானிடைசர் வாங்கித் துடைத்துக்கொண்டு போனார்.
அது காயவில்லை.
அந்த மழைக்குப் பிறகு காயவில்லை, அக்னி நட்சத்திரத்தில் காயவில்லை.
தொட்டுப் பார்க்காதவர் தெருவில் இல்லை.
டீ கிளாஸில், ரேஷன் கார்டில், குழந்தையின் கன்னத்தில்,
தனகோட்டி கணக்கெழுதிய பக்கத்தின் ஓரத்தில்
என் கட்டைவிரல்.

படம் இப்போது கேரம் கிளப்பில் தொங்குகிறது.
ஸ்ட்ரைக்கர் அடிக்க அடிக்க எழும்பும் பவுடர்
ஃபேன் காற்றில் போய் ஈரத்தில் ஒட்டுகிறது.
மூன்று வருஷத்தில்
வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் நரைத்துவிட்டது.
செபஸ்தியம்மாளுக்குக் காதோரம் மட்டும்,
எனக்கு உச்சி முழுக்க.
வீட்டுக் கண்ணாடியும் அதையே சொல்வதால்
யாரும் துடைக்கச் சொல்லவில்லை.

போன வாரம் புதுசாகச் சேர்ந்த பையன் கேட்டான்:
"அக்கா, உங்க பின்னாடி
அந்த செவப்புக் கொடம் யாருது? ஆளக் காணோமே?"

காயின் அடுக்கிக்கொண்டிருந்த யுவராஜ் நிமிரவில்லை.
"போட்டு வச்சிட்டுப் போயிருக்காரு.
நீ நகத்தாத."